முறிந்த மணமும் பூட்டிய காணியும்

மணவிலக்கு என்னும் சொல்லை வாய்விட்டு உரைக்கவே கூசும் சமுதாயம் நம்முடையது. சொல்லாது விட்டால் நடவாது போய்விடுமா? குடாநாட்டில் மணங்கள் முறியவே செய்கின்றன. கணவன் சீதன வீட்டை விட்டு வெளியேறிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறான். "வழக்குக்குப் போனால் மானம் போய்விடும், தங்கைக்கு வரன் அமையாது" என்று பெற்றோர் மகளைத் தடுக்கின்றனர். ஆண்டுகள் பல கழிகின்றன; தாலி மட்டும் கழுத்தில் கிடக்கிறது. நீதிமன்றம் அறியாத இப்பிரிவையே கௌரவம் எனக் கருதுவோர் அதன் விலையை எண்ணிப் பார்த்ததுண்டா?

முதலில் காணியைப் பார்ப்போம். தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சீதனமும் முதுசமும் அவளுடையவையே. ஆயினும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் அசையாச் சொத்தை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ நன்கொடையாக எழுதுவதற்கோ இடமளிப்பதில்லை. மணம் சட்டப்படி நிலைத்திருக்கும் வரை இத்தளை நீங்காது. தோட்டக் கிணற்றை ஆழமாக்கக் காணியை ஈடு வைத்துக் கடன் பெற வேண்டுமா? முகங்காட்டாத கணவனின் கையொப்பம் வேண்டும். மகளுக்குச் சீதன உறுதி எழுத வேண்டுமா? அதற்கும் அவன் கையொப்பமே வேண்டும். வாழ்வில் இல்லாதவன் உறுதியில் மட்டும் இருக்கிறான்!

பிரிவு என்பது நம் முன்னோர் அறியாத புதுமையன்று. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையே, வேற்றுமையால் பிரிந்து வாழும் கணவன் மனைவியின் சீதனத்தில் எதனையும் பிறருக்குக் கொடுத்தலாகாது என்று விதித்துள்ளது. முன்னோர் பிரிவை ஒப்புக்கொண்டு பெண்ணின் காணிக்குக் காவலிட்டனர். நாமோ பிரிவை மறைத்து அக்காணிக்குப் பூட்டிடுகிறோம்.

இப்பூட்டுக்குத் திறவுகோலும் உண்டு. கணவன் கைவிட்டிருந்தாலோ, இருவரும் ஒத்துப் பிரிந்திருந்தாலோ, அவன் இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம் என்கிறது அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு. இதனை அறிந்த பெண்கள் எத்தனை பேர்? பிள்ளைகளின் தாபரிப்புக்காக மணவிலக்கு வழக்கு முடியும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். பொருள் வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்லலாம். தேடியதேட்டத்தில் எவருக்கு என்ன உரித்து என்பது, அது எப்போது எவர் பணத்தில் வாங்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே உறுதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் இருபாலாரும் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

மணவிலக்குச் சட்டத்திலும் குறையுண்டு. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறர்மனை நாடல், வன்மத்துடன் கைவிடல், மணநாளிலேயே இருந்த தீராத ஆற்றலின்மை என்னும் மூன்று காரணங்களையே கூறுகிறது. இருவரும் ஒருமனப்பட்டுக் கேட்பது மட்டும் போதாது. ஒருவர்மீது குற்றம் நாட்டப்பட வேண்டும். அமைதியாகப் பிரிய விரும்புவோரையும் இது ஒருவரையொருவர் பழிக்கத் தூண்டுகிறது. அப்பழியைச் சுமப்போர் பிள்ளைகள் அல்லரோ? மீள முடியாதவாறு முறிந்த மணத்தை முறிந்ததென ஏற்கும் விதியும், மனைவியின் காணிக்குக் கணவன் கையொப்பம் கேட்கும் பிரிவின் நீக்கமும் நாம் கோரவேண்டிய திருத்தங்கள்.

எனினும் சட்டம் திருந்தினால் மட்டும் போதாது. தீர்ப்புப் பெற்று வந்தவளைக் கோயில் வீதியில் கண்டு முகந்திருப்புவோரும், "அப்பா எங்கே?" என்று சிறுவனிடம் துருவிக் கேட்போரும் நம்மிடையே உளர். தாயோடும் தந்தையோடும் பிள்ளைக்குள்ள உறவை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் அறுப்பதில்லை. ஊரின் நாவே அதனை அறுக்கிறது.

கூடி வாழ்தலே நன்று. அதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. கூட இயலாதபோது நேர்மையாகப் பிரிவதில் இழுக்கில்லை. கணவனுமின்றிக் காணியுமின்றி ஒரு பெண்ணை ஆயுள் முழுதும் நிறுத்தி வைப்பதே இழுக்கு. பெற்றோரே, சிந்தியுங்கள்!