வெள்ளோட்டம் வேண்டும்

வேங்கிக்கால்வாசியான எனக்குத் தேரின் கணக்குப் புதிதன்று. பழுது பார்க்கப்பட்ட அண்ணாமலையார் கோயில் பெரிய தேர் 2024 நவம்பரில் வெள்ளோட்டம் கண்ட பிறகே திருவிழாவில் ஓடியது. அச்சு பாரம் தாங்குமா என்று முன்கூட்டியே அறிவது நம் மரபு. கணினி சர்வருக்கும் அது வேண்டாமா?

2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோருக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கியது. சில நிமிடங்களிலேயே தளம் தடுமாறியது. அன்று பதிந்தோரோ ஒரு கோடிக்கும் மேல்!

சோதிக்கும் முறை எளிது. பொய்ப் பயனாளர்களை ஆயிரம், பத்தாயிரம், இலட்சம் என ஏற்றி, விடை வரும் நேரத்தை அளக்க வேண்டும். சராசரி மட்டும் போதாது. நூற்றில் 95 பேருக்கு ஒரு நொடி, ஐவருக்கு ஒரு நிமிடம் என்றால் சராசரி நான்கு நொடிதான். ஐவரின் தவிப்பு அதில் மறைந்துவிடும். திறந்த பின்பும் கண்காணிப்பு ஓயலாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சான்றிதழுக்காக ஓரிடத்தில் காத்திருந்த தந்தையாருக்குச் "சர்வர் டவுன்" என்ற இரு சொற்களின் விலை ஒரு நாள் கூலி.

மக்கள் பணத்தில் எழும் ஒவ்வொரு தளமும் வெள்ளோட்டம் கண்டே திறக்கப்பட வேண்டும். அதன் முடிவு மக்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். வடம் பிடிக்கும் வேளையிலா அச்சைச் சோதிப்பது? சிந்திப்பீர், நண்பர்களே!