குழாய்க்குள் ஒரு மரக்குச்சி

ஸ்டட்கார்ட் என்றதும் ஜெர்மனியை நினைக்க வேண்டாம். இது அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்தில் நெல் விளையும் சமவெளியில் இருக்கிற சின்ன ஊர். அறுவடையில் சிந்திய மணிகளும், தண்ணீர் தேங்கிய காட்டில் மிதக்கும் ஓக் கொட்டைகளும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காட்டு வாத்துகளை இழுத்து வருகின்றன. வாத்து எங்கே போகுமோ அங்கே துப்பாக்கியும் போகும். வாத்தைப் போலக் குரல் கொடுத்து அழைக்கும் போட்டியை இந்த ஊர் 1936 முதல் நடத்திக்கொண்டிருக்கிறது.

போன ஜனவரியில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கே அழைத்துப் போனார். நான் சுடவில்லை. ஃபிளாஸ்க்கில் காபி சுமப்பது என் பொறுப்பு. முழங்கால் அளவு தண்ணீரில், விடியும் முன்னே, மரத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்துதான் சுடலாம் என்பது சட்டம். அதனால் எல்லோரும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது காடு அல்ல, முந்தின நாள் இரவு அவருடைய சமையலறை மேஜை. பழைய பெட்ஷீட்டை விரித்து, துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பியிருந்தார். முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பது. அடுத்தது சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. 'கண் ஏமாற்றும்' என்றார். பிறகு முன்மூடியைத் திருகிக் கழற்றினால் முன்கட்டை வரும், குழல் வரும், அதன் பின் பிஸ்டன். ஆம், பிஸ்டன்தான். ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு வெடி. காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வேலைக்கான பலம் வெடியிலிருந்தே வருகிறது. குழலில் உள்ள சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கி, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த வாயு கரியையும் கூடவே கொண்டு வருகிறது. சுட்டதும் துடைக்காமல் மூலையில் சாத்திவைப்பவர்களின் துப்பாக்கி, அடுத்த சீசனில் இரண்டாவது வெடிக்கு மறுத்துவிடும்.

இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் வேறு வழி பிடித்தது. அதில் வாயுவுக்கு வேலையில்லை. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது உள்ளே இருக்கும் கனமான போல்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நடுவில் ஒரு சுருள்வில் அமுங்கி, மறுகணம் போல்ட்டைப் பின்னால் எறிகிறது. பஸ் திடீரென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதே கணக்கு. கரி அதிகம் படியாது. ஆனால் தோளில் உதை கூடுதல். எனக்கென்னவோ சோம்பேறிகளுக்கு அதுதான் சரி.

எண்ணெய் போடுவதிலும் ஒரு கதை உண்டு. அவருடைய மருமகன் அக்கறையாகத் தன் துப்பாக்கிக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார். விடிகாலைக் குளிரில் அது மெழுகாகிவிட்டது. முதல் வெடி வெடித்தது. அடுத்த தோட்டா பாதி வழியில் நின்றது. போல்ட் முழுதாக மூடவில்லை. தலைக்கு மேல் பச்சைத்தலை வாத்துக் கூட்டம் சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது சொன்னதைவிட மோசம். துடைத்தால் விரலில் பளபளப்பு தெரிய வேண்டும், ஈரம் தெரியக்கூடாது, இதுதான் அளவு.

பெரியவரிடம் இன்னொன்றும் இருக்கிறது, அப்பா விட்டுப்போன பிரவுனிங் ஆட்டோ-5. முதுகில் கூன் விழுந்தது போன்ற உருவம். யூட்டா மாநிலம் ஆக்டனில் பிறந்த ஜான் பிரவுனிங் வடிவமைத்தது, வெற்றிகண்ட முதல் தானேற்றி ஷாட்கன் இது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்குத்தொகை கேட்டார், வின்செஸ்டர் நிறுவனம் மறுத்தது. 1902 ஜனவரியில் ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோன செய்தி வந்தது. பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் போனார். அங்கே எஃப்என் தொழிற்சாலை தயாரிக்கத் தொடங்கியது, தயாரிப்பு 1990கள் வரை ஓடியது. கைநழுவவிட்ட வின்செஸ்டர், அவருடைய காப்புரிமையில் மாட்டாமல் 1911-இல் சொந்தமாக ஒன்று செய்தது. போல்ட்டை இழுக்கக் கைப்பிடி இல்லை, குழலையே பிடித்துத் தள்ள வேண்டும். தோட்டா சிக்கிக்கொண்டால் சிலர் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலின் வாயைத் தம் முகத்துக்கு நேராக வைத்துத் தள்ளினார்கள். அந்தத் துப்பாக்கிக்கு 'விதவையாக்கி' என்று பெயர் விழுந்தது.

ஆட்டோ-5-இல் ஒவ்வொரு வெடிக்கும் குழல் முழுதுமே பின்னால் போய் வரும். அதைத் தடுத்து நிறுத்த உராய்வு வளையங்கள் உண்டு. கனத்த தோட்டாவுக்கு ஒரு வரிசை, லேசான தோட்டாவுக்கு வேறு வரிசை. மாற்றி மாட்டினால் முன்கட்டை விரிசல் விடும். அப்பாவின் துப்பாக்கியைப் பெரியவர் வாத்துக்கு எடுப்பதில்லை, புறாவுக்கு மட்டும்தான். காரணம், நீர்ப்பறவை வேட்டையில் ஈயரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை. குளத்தடியில் கிடக்கும் ரவையைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு விஷமாகும். அந்த வாத்தைத் தின்ற கழுகும் சாகும். இப்போது இரும்பு ரவைதான். பழைய பெல்ஜியக் குழலுக்கு அது ஆகாது.

இனி அந்த மரக்குச்சி. ஆட்டோ-5 என்ற பெயரில் உள்ள ஐந்து, தோட்டாவின் கணக்கு. குழாயில் நான்கு, அறையில் ஒன்று. 1930களில் பெரும் வறட்சி வந்து குளங்கள் காய்ந்து வாத்துகள் அருகின. 1935-இல் அரசு சொன்னது: வலசைப் பறவைகளைச் சுட மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் துப்பாக்கியில் இருக்கக்கூடாது. தோட்டாக் குழாய்க்குள் ஒரு குச்சியைச் செருகினார்கள். இரண்டுக்கு மேல் உள்ளே போகாது. அதற்கு முந்தின ஆண்டு வேட்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. முதல் முத்திரையின் படத்தை வரைந்தவர் 'டிங்' டார்லிங், பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட். இன்று விலை 25 டாலர். அந்தப் பணம் சதுப்புநிலம் வாங்கப் போகிறது. இந்தியாவில் 1972-இன் சட்டமும் 1991-இல் வந்த அதன் திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய அடியோடு மூடின. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இவர்கள் மூடவில்லை, வாயைச் சின்னதாக்கினார்கள். வேகமாகச் சுடும் இயந்திரத்தை இத்தனை மலிவாக அடக்க முடியும் என்பதை நான் ரசித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், குச்சியைக் கழற்ற அனுமதிக்கும் சட்டமும் உண்டு. வெண்ணிற ஸ்னோ வாத்துகள் பெருகி, வடதுருவப் புல்வெளியை வேரோடு பிடுங்கித் தின்று பாழாக்கின. 1999 முதல் அவற்றுக்கு மட்டும், மற்ற சீசன்கள் முடிந்தபின், குச்சியில்லாமல் சுடலாம்.

வீட்டுக்கு வந்து பெரியவர் கொடுத்த இரண்டு வாத்தை மிளகு போட்டு வறுத்தோம். ஒரு வாயில் இரும்பு ரவை கல்லாய்க் கடிபட்டது.

பிப்ரவரியில் கழற்றும் குச்சியை அவர் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறார். செப்டம்பரில் புறா சீசனுக்கு முன் மறக்காமல் மாட்டிவிடுகிறார். வனக்காவலர் வந்தால் துப்பாக்கியை வாங்கி முதலில் பார்ப்பது, மூன்றாவது தோட்டா குழாய்க்குள் போகிறதா என்றுதான்.