எட்டு பெரிதா, பதினொன்று பெரிதா?

அமெரிக்காவில் மார்ச் மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். அன்று சாயங்காலம் ஏகப்பட்ட கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடும் பசங்க டிவி முன்னால் கூட்டமாக உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களைப் போல நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள். 'செலக்‌ஷன் சண்டே' என்று அதற்குப் பெயர். என்.சி.ஏ.ஏ. ஆடவர் கூடைப்பந்து சாம்பியன் போட்டிக்கு யார் யார் தேர்வு, எந்த நம்பரில், யாரோடு மோத வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு 'சீடிங்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பலசாலிகள் முதல் சுற்றிலேயே முட்டிக்கொண்டு வெளியேறாமல் இருக்க, ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துப் பிரித்து வைப்பது. இந்தப் போட்டி 1939-ல் வெறும் 8 அணிகளோடு ஆரம்பித்தது. எல்லா அணிக்கும் நம்பர் கொடுக்கும் பழக்கம் 1979-ல் வந்தது. 1985-ல் 64 அணிகள், 2011-ல் 68 அணிகள். நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை நம்பர். 1-ம் நம்பர் 16-ஓடு ஆடும், 2-ம் நம்பர் 15-ஓடு ஆடும். இப்படியே போனால் நடுவில் 8-ம் 9-ம் மோதும். தோற்றால் வீட்டுக்கு. அவ்வளவுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உச்சியில் நியாயமாக வேலையும் செய்கிறது. 1985 முதல் 2017 வரை 1-ம் நம்பர் அணிகள் 16-ம் நம்பர் அணிகளோடு ஆடிய 132 ஆட்டங்களிலும் 1-ம் நம்பர்தான் ஜெயித்தது. 2018-ல்தான் யு.எம்.பி.சி. என்ற மேரிலாந்துக் கல்லூரி (அதுவரை செஸ் டீமுக்குப் பேர் போனது!) வர்ஜினியாவை 74-54 என்று துவைத்து எடுத்தது. 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன், பர்டூவை 63-58 என்று சாய்த்தது. இரண்டுமே அதிசயம் என்பதால்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். 2025-ல் நான்கு 1-ம் நம்பர் அணிகளும் அப்படியே அரையிறுதிக்கு வந்தன. ஆக, நாட்டிலேயே சிறந்த நான்கு பேரைக் கண்டுபிடிக்கக் கமிட்டிக்குத் தெரிகிறது. அது பெரிய வித்தையும் இல்லை, வகுப்பில் முதல் நான்கு ரேங்க் யாருக்கு என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

பிரச்சினை எல்லாம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான்.

8-ம் நம்பர் வாங்கிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 11-ஐ விட 8 பெரிய மரியாதைதானே? முதல் ஆட்டத்தில் 9-ஐ ஜெயித்தால் அடுத்தது யார்? அநேகமாக 1-ம் நம்பர். 11-ம் நம்பருக்கோ முதலில் 6, பிறகு 3. எது தேவலை? 1985-க்குப் பிறகு கடைசி 16 அணிகளுக்குள் நுழைந்தவர்களை எண்ணிப் பார்த்தால் 8, 9-ம் நம்பர்களை விட 10, 11, 12-ம் நம்பர்களே அதிகம். அதாவது நன்றாகப் படித்து மூன்று மார்க் கூட வாங்கியவனுக்குக் கஷ்டமான கேள்வித்தாள். பரிசு என்று சொல்லித் தண்டனை கொடுப்பது இதுதான்.

மேலே இருப்பவனும் இதில் மாட்டுவான். விச்சிட்டா ஸ்டேட் என்று கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம். 2014-ல் 34 ஆட்டம், 34 வெற்றி. 1-ம் நம்பர் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அதே பிரிவில் யாரைப் போட்டார்கள் தெரியுமா? 2013-ல் இறுதி ஆட்டம் வரை வந்த லூயிவில், மிச்சிகன் இரண்டையும். போதாததற்கு 8-ம் நம்பராக கென்டக்கி. அந்த சீசன் ஆரம்பிக்கும்போது நாட்டின் முதலிடம் என்று கணிக்கப்பட்ட அணி அது. நடுவில் சறுக்கியதால் 8 என்று முத்திரை குத்திவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் கென்டக்கி 78-76 என்று விச்சிட்டாவை முடித்தது. பிறகு லூயிவில், மிச்சிகன் எல்லோரையும் தள்ளிவிட்டு இறுதி ஆட்டம் வரை போனது. நிஜமான 8-ம் நம்பர் அணி செய்கிற வேலையா இது? கென்டக்கிக்குத் தப்பான நம்பர் கொடுத்ததற்கு அபராதம் கட்டியது விச்சிட்டா.

சரி, இந்த நம்பர் எப்படி வருகிறது? மேட்டரே இங்கேதான் இருக்கிறது.

1981 முதல் ஆர்.பி.ஐ. என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். (ரிசர்வ் வங்கி இல்லை, அது ஆர்.பி.ஐ-யே வேறு :-)) ஒரு அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீதம், எதிராளிகளின் எதிராளிகளுக்கு 25 சதவீதம். கவனியுங்கள், தான் ஜெயிப்பதற்குக் கால் பங்குதான். யாரோடு ஆடினோம் என்பதற்கு முக்கால் பங்கு. இதை வைத்துக்கொண்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டு, 2018-19 சீசனில் 'நெட்' என்ற புதுக் கணக்குக்கு மாறினார்கள். இது தேவலை, ஆட்டத்தின் தரத்தையும் பார்க்கிறது.

ஆனால் நெட்டை வைத்து ஆட்டங்களை நான்கு பெட்டியாகப் பிரிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. சொந்த மைதானத்தில் முதல் 30 இடத்துக்குள் இருக்கும் அணியோடு ஆடினால் அது முதல் பெட்டி. பொது மைதானம் என்றால் முதல் 50, எதிராளி ஊருக்கே போய் ஆடினால் முதல் 75. முதல் பெட்டியில் எத்தனை வெற்றி என்பதுதான் கமிட்டி அறையில் பெரிய பேச்சு.

பெரிய கான்ஃபரன்ஸில் இருக்கும் கல்லூரிக்கு இந்த முதல் பெட்டி ஆட்டம் வாரா வாரம் வீட்டு வாசலுக்கே வரும். பக்கத்து வீட்டுக்காரனெல்லாம் முதல் 75-க்குள் இருப்பவன்தான். சின்ன கான்ஃபரன்ஸ்காரன் என்ன செய்வான்? வெளியே போய்த் தேட வேண்டும். பெரிய கல்லூரிகள் அவன் ஊருக்கு வருமா? வராது. வந்து தோற்றால் யாருக்கு நஷ்டம்? அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்து, 'நீ எங்க ஊருக்கு வந்து ஆடிட்டுப் போ' என்று கூப்பிடுவார்கள். அதுவும் தோற்றுப் போகக்கூடிய அணியாகப் பார்த்து. உண்மையிலேயே பலமான சின்னக் கல்லூரியை யாரும் கூப்பிட மாட்டார்கள். அடமானம் வைக்கச் சொத்து இருப்பவனுக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும், கடன் கிடைத்தவன்தான் சொத்து வாங்குவான். அதே கதை.

2024-ல் இண்டியானா ஸ்டேட்டுக்கு நடந்தது இதுதான். 28 வெற்றி, 6 தோல்வி. நெட் பட்டியலில் முதல் 30-க்குள் இடம். தன் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் டிரேக் அணியிடம் 4 புள்ளியில் தோற்றது. அந்த ஒரு ஆட்டம் போனது, போட்டியும் போனது. 68-ல் இடமே இல்லை. அவர்கள் ஆடிய முதல் பெட்டி ஆட்டங்களைக் கை விரலில் எண்ணிவிடலாம்.

அடுத்த வருடமே, 2025-ல், நார்த் கரோலினாவுக்கு முதல் பெட்டியில் 13 ஆட்டம். அதில் ஒரே ஒரு வெற்றி, 12 தோல்வி. இடம் கிடைத்தது! அந்த வருடக் கமிட்டியின் தலைவர் அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். விதிப்படி, தன் கல்லூரி பற்றிப் பேச்சு வந்தபோது அவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார். அவர் மேல் பழி போடத் தேவையில்லை. ஆனால் 13 தடவை வாய்ப்புக் கிடைத்து 12 தடவை தவறவிட்டவன் உள்ளே, வாய்ப்பே கிடைக்காதவன் வெளியே என்றால் அந்தத் தராசில் ஏதோ கோளாறு இருக்கிறது.

'பெரிய கான்ஃபரன்ஸ் நிஜமாகவே பலமானது, அதனால் அதிக இடம், இதில் என்ன தப்பு' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் சரக்கு இருக்கிறது. 2025-ல் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் 16 கல்லூரிகளில் 14-க்கு இடம் கொடுத்தபோது எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அதில் 7 அணிகள் கடைசி 16-க்குள் வந்தன, ஃப்ளோரிடா கோப்பையையே தூக்கியது. நார்த் கரோலினாவும் தகுதிச் சுற்றில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று வெளுத்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இண்டியானா ஸ்டேட் அங்கே வந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்பதற்கு யாரிடமும் ஸ்கோர் கார்டு இல்லையே? உள்ளே விட்டவன் ஜெயித்ததை வைத்து, வெளியே நிறுத்தியவன் தோற்றிருப்பான் என்று எப்படிச் சொல்வது?

இது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை. இந்தப் போட்டியில் ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டம் தவிர, அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு 'யூனிட்' சேரும். ஒரு யூனிட் என்பது ஆறு வருடத்தில் பிரித்துக் கொடுக்கப்படும் சுமார் 20 லட்சம் டாலர். டிவி உரிமை ஒப்பந்தம் 2010-ல் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர், 2016-ல் அதை 2032 வரை நீட்டியபோது இன்னொரு 880 கோடி. இதில் ஒரு துளி வந்தாலே சின்னக் கல்லூரிக்குப் பயிற்சியாளர் சம்பளம், பயணச் செலவு எல்லாம் நிமிரும். பெரியவனுக்கு அது சில்லறை. இடம் கிடைத்தவனுக்குப் பணம், பணம் இருப்பவனுக்கு நல்ல ஆட்டக்காரன், அவனால் அடுத்த வருடமும் இடம். சிறுகச் சிறுகச் சேரும் கூட்டு வட்டி மாதிரி.

கமிட்டி இதைக் கொஞ்சம் புரிந்துகொண்ட மாதிரி தெரிகிறது. 2024-25 சீசனில் 'டபிள்யூ.ஏ.பி.' என்ற அளவுகோலையும் மேஜையில் வைத்தார்கள். விஷயம் எளிது. ஒரு அணி ஆடிய அதே ஆட்டங்களை, போட்டியின் வாசற்படியில் நிற்கும் ஒரு சராசரி அணி ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும்? அதை விட இவன் எத்தனை கூட ஜெயித்தான்? கஷ்டமான ஆட்டம் எத்தனை கிடைத்தது என்று கேட்காமல், கிடைத்ததில் என்ன செய்தான் என்று கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால் மேஜையில் கிடக்கும் பல தாள்களில் இதுவும் ஒன்றாகக் கிடந்தால் பிரயோஜனமில்லை. கடைசி சில இடங்களுக்காவது இதைத்தான் முதலில் பார்ப்போம் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த அறைக்குள் எந்த அணிக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் வெளியிடலாம், குடி முழுகிவிடாது.

8-ம் நம்பர் விவகாரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. முதல் சுற்று முடிந்ததும் மிச்சம் இருப்பவர்களில் தனக்கு யார் வேண்டும் என்று 1-ம் நம்பர் அணியே தேர்ந்தெடுக்கட்டும். 2014-ல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் விச்சிட்டா ஸ்டேட் கனவில்கூட கென்டக்கியைக் கை காட்டியிருக்காது.

விச்சிட்டா கதை அதோடும் முடியவில்லை. 2017-ல் கணினிக் கணக்குகள் சிலவற்றில் நாட்டின் முதல் பத்துக்குள் இருந்த அணிக்குக் கமிட்டி கொடுத்தது 10-ம் நம்பர். முதல் சுற்றில் டேட்டனை ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் வந்து நின்றது மறுபடியும் கென்டக்கி. 65-62.