யூதாஸ் திரும்பி வந்தப்போ கதவைச் சாத்தினது யாரு?

கூட இருந்தே குழி பறிக்கிறவனை எங்க ஊர்ல 'யூதாஸ்'னுதான் சொல்லுவோம். கோயிலுக்கே போகாதவங்களும் இந்தப் பேரைச் சொல்லித் திட்டுறாங்க. ஆனா அவன் கதையோட கடைசிப் பாதியை யாரும் பேசுறதில்லை.

பேராசை அவனுக்கு ஒரே ராத்திரியில வரல. சீடர்களோட பணப்பை அவன்கிட்டதான் இருந்துச்சு. அதுல இருந்து எடுத்துக்குவான்னு யோவான் எழுதியிருக்காரு. பெத்தானியாவுல மரியா இயேசுவோட பாதத்துல தைலம் பூசினப்போ, இதை 300 தெனாரியத்துக்கு வித்திருக்கலாமேன்னு கேட்டவனும் அவன்தான். ஒரு தெனாரியம் அன்னிக்கு ஒரு நாள் கூலி. அவ்வளவு கணக்குப் பார்த்தவன், தன் குருவை 30 வெள்ளிக்காசுக்கு வித்துட்டான். ஒருத்தனோட மாடு இன்னொருத்தன் அடிமையை முட்டிக் கொன்னா, மாட்டுக்காரன் கட்டணும்னு மோசே சட்டம் சொல்ற தொகையும் இதே 30 வெள்ளிதான்.

அப்புறம் என்ன நடந்துச்சு? மத்தேயு சொல்றபடி, யூதாஸ் மனசு உடைஞ்சு திரும்பி வந்தான். பாவம் பண்ணிட்டேன்னு வாய்விட்டுச் சொன்னான். காசையும் திருப்பிக் கொடுத்தான். குருக்களோ, அது உன் பாடுன்னு கைவிரிச்சுட்டாங்க. காசைக் கோயில்ல வீசிட்டுப் போய் நாண்டுகிட்டான். ரத்தக்காசைக் காணிக்கையில சேர்க்கக் கூடாதுன்னு சட்டம் பார்த்தாங்க, அந்தப் பணத்துல குயவன் நிலத்தை வாங்கினாங்க. செத்தவனை யாரும் பார்க்கல.

அதே ராத்திரி பேதுருவும் மூணு தடவை, அவரைத் தெரியவே தெரியாதுன்னு சொன்னவர்தான். ஆனா அழுதுகிட்டாவது மத்த சீடர்களோட இருந்தாரு. உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டுக் கொடுத்து, என்மேல அன்பு இருக்கான்னு மூணு தடவை கேட்டு, தன் ஆடுகளையே அவர்கிட்ட ஒப்படைச்சாரு. காட்டிக் கொடுக்க வந்த நேரத்துலகூட யூதாஸை 'தோழா'ன்னு கூப்பிட்டவர் அவர். இன்னும் மூணு நாள் பொறுத்திருந்தா அந்தக் கரையில யூதாஸுக்கும் ஒரு மீன் இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

இதை ஏன் சொல்றேன்னா, சீட்டுப் பணத்துல கை வச்சவன், அண்ணன் பங்குல வரப்பை நகர்த்தினவன்னு எல்லா ஊர்லயும் ஆள் இருக்கு. என்னிக்காவது ஒருநாள் தலை குனிஞ்சு வந்து நிப்பான். "இப்ப வந்து என்ன பிரயோசனம்?"னு விரட்டிடுறோம். அது இயேசு பேசின பேச்சு இல்ல, அந்தக் குருக்கள் பேசினது.

கடனைத் தள்ளிடுங்கன்னு நான் சொல்லல. சக்கேயு ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தரேன்னார். பணம் வந்தே ஆகணும். ஆனா கொடுக்க வந்தவனைத் திண்ணையில உட்கார வச்சு, ஒரு செம்பு தண்ணி கொடுத்துட்டு அப்புறம் கணக்குப் பேசுங்க. நாண்டுகிட்ட பிறகு அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு அழுது என்னங்க ஆகப்போகுது?