பட்டாளத்தின் விருந்தோம்பல்

'நிலைபேறான உல்லாசப் பயணம்' என்பது இலங்கை அரசுக்கு இப்போது பிடித்துப்போன சொல். பிரசுரங்களில் கடலாமை இருக்கும், பனை இருக்கும். அந்தப் பனை நிற்கும் காணி யாருடையது என்பது மட்டும் இருக்காது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1966இல் தொடங்கிய பழைய சபையின் இடத்தில், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் நான்கு நிறுவனங்களை வைத்தது: அபிவிருத்திக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று, மாநாடுகளுக்கு ஒன்று, ஹோட்டல் படிப்புக்கு ஒன்று. நல்லது. ஆனால் 2009இல் போர் முடிந்த பின் வடக்குக் கரையில் விடுதி திறந்தவர்கள் யார்? காங்கேசன்துறையில் 'தல்செவன'வை நடத்தியது இராணுவம். ஹம்மன்ஹீல் கடற்கோட்டையில் அறைகளை வாடகைக்கு விட்டது கடற்படை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட சனம் முகாம்களில் கிடக்க, 2013இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். பின்னர் ஒரு பகுதிக் காணி திரும்பக் கிடைத்தது என்பது உண்மைதான். அது எந்த உல்லாசப் பயணச் சட்டத்தாலும் கிடைத்ததல்ல.

'ஆமி நடத்தினால் என்ன, இடம் துப்புரவாக இருக்கிறதே' என்கிறார்கள் சில நண்பர்கள். ஒரு சாதாரண முதலாளி கழிவைக் கடலில் விட்டால் பிரதேச சபை கேட்கலாம், ஊரவர் வழக்குப் போடலாம். துவக்கு வைத்திருக்கும் முதலாளியின் படலையைத் தட்டப் போகிறவர் யார்? அரச சம்பளத்தில் ஆள் வைத்திருப்பவனோடு, கடன் வாங்கி நாலு அறை கட்டியவன் எப்படிப் போட்டி போடுவான்?

கோஸ்டாரிக்காவைப் பாருங்கள். 1948 டிசம்பர் 1ஆம் திகதி ஹொசே ஃபிகரெஸ் படைமுகாம் ஒன்றின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, இராணுவத்தையே கலைத்தார். அந்த முகாம் தேசிய நூதனசாலையாயிற்று. 1977இல் கரையோரத்தின் முதல் 50 மீற்றரைப் பொதுநிலமாக்கச் சட்டம் வந்தது. ஹோட்டல்களுக்கு நிலைபேற்றுத் தரச்சான்று கொடுக்கத் தொடங்கியது 1997இல்தான். முதலில் துவக்கு போனது, பிறகு நிலம் பொதுவானது, கடைசியாகத்தான் சான்றிதழ். அங்கும் சொர்க்கமில்லை. குவானகாஸ்தேயில் ஹோட்டல்காரரோடு ஊர்ச்சனம் தண்ணீருக்குச் சண்டை பிடித்திருக்கிறது. ஆனால் சண்டை பிடிக்க முடிந்தது. கொழும்பு கடன்வாங்க வேண்டியது அந்த உரிமையை, கடலாமைப் படத்தையல்ல.

கடைசியாக, நாங்கள். கோடை விடுமுறைக்கு ஊர்போய், பட்டாளத்து விடுதியில் படுத்தெழும்பி, 'என்ன அழகான கடல்' என்று இங்கே வந்து படம் காட்டுகிறோம். பற்றுச்சீட்டில் யாருடைய பெயர் இருந்தது என்று பார்த்தோமா? போகிறவர்கள் போங்கள். ஆனால் ஊரவர் நடத்தும் இடத்தில் தங்கி, காசை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.