கடன் பிறகு, முதலில் ஆறு மாதச் செலவு

வேலை கிடைக்காத இளைஞர் ஒருவர், சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று மாவட்டத் தொழில் மையத்தின் படியேறினால், அங்கே பேச்சு திட்ட அறிக்கையிலும் இயந்திரங்களுக்கான விலைப்புள்ளியிலும்தான் தொடங்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை ஏற்கிறது. வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. முத்ரா கடன் திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் கடன் வாங்கலாம். மூன்றுமே பயனுள்ள திட்டங்கள். ஆனால், கைமுதல் இல்லாததால்தான் தொழில் தொடங்க முடியவில்லை என்ற கணிப்பின் மேல்தான் மூன்றும் நிற்கின்றன. மாவு மில்லுக்கும் லேத் பட்டறைக்கும் அந்தக் கணிப்பு பொருந்தும். வீடு வீடாகப் போய் வேலை செய்துகொடுக்கும் சிறு சேவைத் தொழிலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே ஆளைக் கவிழ்ப்பவை, வாடிக்கை சேரும்வரை வீட்டுச் செலவுக்கு வழியில்லாத முதல் சில மாதங்கள்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியைப் பழுதுபார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். தொழில் தெரிந்தவருக்கு ஸ்பேனர் செட், டி.டி.எஸ். மீட்டர், டெஃப்லான் டேப், மாற்றிப்போட நாலைந்து ஃபில்டர், ஓடுகிற நிலையில் ஒரு பழைய டூவீலர் இருந்தால் போதும். சிரமமெல்லாம் ஃபோன் மணி அடிக்கக் காத்திருப்பதில்தான். ஒரு வீட்டில் ஃபில்டர் மாற்றினால் அந்த வீடு மறுபடி கூப்பிட மாதக்கணக்கில் ஆகும். வேலை சுத்தமாக இருந்தால்தான் பக்கத்து வீட்டுக்கு எண் போகும். முதல் மாதம் பத்துப் பன்னிரண்டு அழைப்பு, ஒன்றுக்கு 300 ரூபாய் கூலி என்று வைத்தால் வரவு 3,500 ரூபாயைச் சுற்றி நிற்கும். பெட்ரோலும் ரீசார்ஜும் போக மிஞ்சுவது வாடகைக்கே காணாது. பணம் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில் அவர் கூலியைக் குறைத்துப் பேசுவார். போய்வரும் நேரத்தையும் சும்மா இருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்காமல் விடுவார். குறைத்துப் பேசிய கூலியே அந்தத் தெருவில் அவருடைய நிரந்தர விலையாகிவிடும். இதற்கு மேல் 50,000 ரூபாய் கடனும் இருந்து, 12 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுகளில் அடைக்க வேண்டுமென்றால், மாதத் தவணை மட்டும் சுமார் 1,660 ரூபாய். உதவிக்கு வந்த கடனே அப்போது சுமையாகிவிடுகிறது.

மானியம் இந்தச் சுமையைக் குறைக்காதா என்று கேட்கலாம். பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை பயனாளியின் கைக்கு வருவதில்லை. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்புத் தொகையாக இருந்து, அதன் பிறகே கடனில் கழிக்கப்படுகிறது. தொழில் தடுமாறும் முதல் ஆறு மாதத்தில் அதனால் ஒரு வேளைச் சோறுகூடக் கிடைக்காது. அத்திட்டத்தின் முதல் கடன் புதிய தொழில்களுக்கே உரியது என்பதால், சின்னதாக நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு கடன் கேட்கலாம் என்று நினைக்கும் நிதானமான ஆளுக்கு அதில் வழியில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை இன்னும் விசித்திரம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் கிடைக்கும்; ஆனால் அவர் சுயதொழில் எதுவும் செய்யக் கூடாது. சும்மா இருக்கும்வரை உதவி, முயற்சி எடுத்தால் உதவி நிற்கும் என்பதே இந்த விதியின் பொருள்.

இதை நேர்மாறாகச் செய்த நாடுகள் உண்டு. வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்த பிரிட்டனில், தாட்சர் அரசு 1983இல் நாடு முழுவதும் விரிவாக்கிய திட்டத்தின்படி, சொந்தத் தொழில் தொடங்கிய வேலையற்றவருக்கு வாரம் 40 பவுண்டு ஓராண்டுக்குக் கிடைத்தது. ஜெர்மனியில் 2006 முதல் உள்ள திட்டத்தில், தொழில் தொடங்குபவர் தம் வேலையின்மைப் படிக்கு இணையான தொகையுடன், காப்பீட்டுச் செலவுக்காக மாதம் 300 யூரோ கூடுதலாகவும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பெறுகிறார். இயந்திரம் வாங்குவதை அவரவர் பொறுப்பில் விட்டு, பிழைப்புக்கான பணத்தை அரசு தருகிறது. தமிழகத்திலும் தேர்ந்தெடுத்த சில சேவைத் தொழில்களுக்கு, தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு மாத உதவித்தொகை தரலாம். கடனைப் பிறகு தரலாம். ஆறு மாத யு.பி.ஐ. வரவு எவ்வளவு என்று பார்த்து வங்கி முடிவெடுக்கட்டும். சிறு தொகையில் தொடங்கி, ஒழுங்காகத் திருப்பினால் அடுத்த படிக்கு உயர்த்தும் முறை, தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் 2020 முதலே இருக்கிறது.

பணத்தை வாங்கிக்கொண்டு தொழிலே செய்யாமல் இருப்பார்களே என்பது முதல் எதிர்ப்பு. சிலர் அப்படியும் செய்வார்கள். அதற்காக ஐ.டி.ஐ. போன்ற பயிற்சிச் சான்றையும், சிறு தொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவையும் நிபந்தனையாக்கலாம். மூன்றாம் மாதம் வேலை செய்துகொடுத்ததற்கான கணக்கைக் காட்டாதவருக்கு உதவியை நிறுத்தலாம். ஏமாற்றினாலும் இழப்பு சில மாத உதவியோடு முடியும். வாராக்கடனைவிட அது சிறியது. இரண்டாவது எதிர்ப்பு கனமானது. ஒரே ஊரில் இருபது பேர் ஏ.சி. சர்வீஸுக்கு இறங்கினால் கூலி விழும்; உதவி பெற்றவர் ஏற்கெனவே தொழிலில் இருப்பவரின் பிழைப்பைப் பிடுங்குவார். பிரிட்டன் திட்டத்தின் மீதும் இந்தக் குறை சொல்லப்பட்டது. அதனால் எந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் மக்கள் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த வேலைகளுக்கு மட்டும், அதுவும் எண்ணிக்கை வரம்போடு தர வேண்டும்.

வேலை தர வேண்டிய கடமையிலிருந்து அரசு நழுவ இது ஒரு சாக்காகிவிடும் என்ற எதிர்ப்பையும் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் வேலையில் இருப்பவர்களில் 58 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே சுயதொழிலில்தான் இருக்கிறார்கள் என்கிறது 2023-24ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பு. அவர்களில் வீட்டுத் தொழிலில் சம்பளமின்றி உழைப்பவர்களும் அடக்கம். வேறு வழியில்லாமல் இறங்கியவர்களையும் சேர்த்த அந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டுவதில் எந்தச் சாதனையும் இல்லை. இந்த உதவி, காலிப் பணியிடங்களை நிரப்புவதற்கு மாற்றாகவும் ஆகாது. ஆகவே எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம், எத்தனை கோடி மானியம் வழங்கினோம் என்ற கணக்கோடு அரசு நின்றுவிடக் கூடாது. ஒரு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள், மாதம் எவ்வளவு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற விவரத்தை வெளியிடட்டும். உதவி பெற்றவரின் வருமானம் சாதாரணக் கூலி வேலையைவிடக் கூடவில்லை என்றால் திட்டத்தைக் கைவிடலாம். கூடியிருந்தால், இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை மனிதருக்கு ஒதுக்க அரசு தயங்க வேண்டியதில்லை.