மோட்டார் பொத்தானில் செருகிய குச்சி

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பெரியாற்றுப் பாசனம் 1895-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரினும், கால்வாய் எட்டாத திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிப் புன்செய்களுக்குக் கிணறே ஆதாரமாகும். முற்காலத்தில் கமலை கட்டி இறைத்த கிணறுகளில் இப்போது மின்சார மோட்டார் ஓடுகின்றது. எருது களைத்தால் தானே நின்றுவிடும். மோட்டார் அவ்விதம் நில்லாது. ஆதலால் அதனை நிறுத்தும் ஏற்பாடு ஸ்டார்ட்டர் பெட்டியினுள் அமைந்திருக்கின்றது.

அவ்வேற்பாட்டை ஏணி போல் வரைந்து காட்டுவது மின்தொழிலாளர் வழக்கம். இரு நெடுங்கோடுகள் மின்சாரம் வரும் கம்பிகள். இடையிலுள்ள படியில் சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான், சூடு மீறினால் வெட்டும் ரிலே, காந்தச் சுருள் ஆகியவை வரிசையாக நிற்கும். பச்சையை அழுத்தினால் சுருள் காந்தமாகி மோட்டாரை ஓட்டும். அக்கணமே பச்சைக்குப் பக்கவழியாயுள்ள சிறு தொடர்பையும் இணைத்துக்கொள்ளும். விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுவது இதனாலேயே. மின்சாரம் தடைப்பட்டாலும், சிவப்பை அழுத்தினாலும் பக்கவழி அறுந்துவிடும். மறுபடி ஒருவர் பச்சையை அழுத்தினாலன்றி மோட்டார் புறப்படாது.

இக்காவலை, பச்சைப் பொத்தானில் குச்சி செருகிக் கெடுப்பது கண்டிக்கத்தக்கது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருங்கால் எழுந்து செல்வது கஷ்டமென்பது மெய்யே. ஆயினும் குச்சி செருகிய பெட்டியில், சிவப்பை அழுத்தியிருக்கும் வரையில்தான் மோட்டார் நிற்கும். விரலை எடுத்தவுடன் மீண்டும் ஓடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கிணற்றினுள் பம்பைப் பழுது பார்ப்பவன் கையை, திடீரென்று சுழலும் யந்திரம் பற்றிக்கொள்ளும். ஒரு முனை அற்று வந்தால் மோட்டார் சுழலாது முனகிச் சூடேறும். ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒரே கணத்தில் புறப்பட்டால் மின்னழுத்தமும் வீழ்ந்துவிடும். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமெனினும், எரிந்த மோட்டாருக்குச் சுருள் கட்டும் கூலி விவசாயியின் மடியிலிருந்தே செல்கின்றது.

தானாக ஓட்டுவது அவசியமாயின், மும்முனையையும் சோதித்து, சற்றுத் தாமதித்துப் புறப்பட்டு, நீர் வற்றினால் நிறுத்தும் கருவியைப் பொருத்துதலே முறை. அக்கருவி உள்ள கிணற்றில் இறங்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்தி, பியூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைத்து, அண்டைக் கிணற்றுக்காரர்கள் தாமத நேரத்தை முன்பின்னாக வைத்துக்கொள்ளும்படி செய்வாராயின், ஊரின் டிரான்ஸ்பார்மரும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.